லேப்டாப் வேறு, அதில் ஓடுவது வேறு

வியாசர்பாடியில் நாங்கள் சாயங்காலம் நடத்தும் டியூஷனுக்குப் பிளஸ் ஒன் படிக்கும் பெண் ஒருத்தி வருகிறாள். ஒரு நாள் வந்ததும் வராததுமாக, பழைய துப்பட்டாவில் சுற்றிய லேப்டாப் ஒன்றை என் முன்னால் வைத்தாள். 2018 வாக்கில் அவள் அண்ணனுக்கு அரசுப் பள்ளியில் கொடுத்தது. "கடையில காட்டினோம்க்கா. விண்டோஸ் பத்து முடிஞ்சிபோச்சாம். இத்த வச்சினு இனிமே ஒண்ணும் பண்ண முடியாது, எடைக்குப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்கன்னுட்டாங்க. அம்மா சீட்டு எடுக்கலாமான்னு யோசிக்கிறாங்க" என்றாள்.

அந்த அம்மா பூக்கட்டி விற்பவர். மாதாமாதம் கட்டிவந்த சீட்டைத் தள்ளி எடுக்கப் பார்க்கிறார், அதுவும் "முடிஞ்சிபோச்சு" என்ற ஒரு சொல்லை நம்பி. முடிந்தது எது? லேப்டாப்பா, அதில் ஓடும் விண்டோஸா, விண்டோஸுக்கு வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்களா? மூன்றும் வேறு வேறு. இந்த வேறுபாடு புரியாததால் நம் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் நல்ல கம்ப்யூட்டர்கள் பரண்மேல் கிடக்கின்றன. கம்ப்யூட்டரைத் தொட்டே பார்க்காதவருக்கும் விளங்கும்படி அதைச் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் இயந்திரம். பீச் ஸ்டேஷன் எதிரே அத்தோ கடையில் நின்று சாப்பிட்டிருப்பீர்கள். பர்மாவிலிருந்து வந்த நம் ஆட்கள் கொண்டுவந்த பண்டம். கடைக்காரரின் கை ஒன்றுதான் எல்லாவற்றையும் கலக்குகிறது. அந்தக் கைக்கு எட்டும் தூரத்தில் கிண்ணங்கள் இருக்கின்றன: நூடுல்ஸ், சீவிய முட்டைகோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், பூண்டு எண்ணெய். மீதிச் சரக்கெல்லாம் வண்டிக்கு அடியில் மூட்டையில் இருக்கிறது. கம்ப்யூட்டரும் இதே அமைப்புதான். கலக்கும் கை பிராசசர். கைக்கெட்டும் கிண்ணங்கள் ரேம். அடியில் உள்ள மூட்டை ஹார்ட் டிஸ்க். ராத்திரி கடை கட்டும்போது கிண்ணங்களைக் கழுவிக் கவிழ்த்துவிடுவார்கள், மூட்டை அப்படியே இருக்கும். சேமிக்காமல் வைத்திருந்த கடிதம் கரண்ட் போனதும் காணாமல் போவதும், ஏற்கெனவே சேமித்த போட்டோ அப்படியே இருப்பதும் இதனால்தான்.

"எங்க லேப்டாப்புல 500 ஜி.பி. இருக்கே, அப்புறம் ஏன் ஸ்லோ?" என்று பலரும் கேட்பார்கள். அது மூட்டையின் அளவு. கிண்ணம் இரண்டே இரண்டு என்றால் மூட்டை எவ்வளவு பெரிதாக இருந்து என்ன செய்ய? ஒரு பிளேட்டுக்கு நூடுல்ஸ் போட, கிண்ணத்தில் இருக்கும் கோஸை மூட்டையில் கொட்டிவிட்டு நூடுல்ஸை எடுக்க வேண்டும். அடுத்த நிமிடமே கோஸ் வேண்டுமென்றால் நூடுல்ஸைக் கொட்டிவிட்டுத் திரும்பக் குனிய வேண்டும். ரேம் பற்றாத கம்ப்யூட்டர் நாள் முழுக்க இப்படித்தான் குனிந்து நிமிர்ந்துகொண்டிருக்கிறது. பிரவுசரில் ஏழெட்டுப் பக்கங்களைத் திறந்து வைத்ததும் எல்லாம் உறைந்து நிற்பது அப்போதுதான்.

இனி இயங்குதளம். ஓ.எஸ். என்று சொல்வது இதைத்தான். விண்டோஸும் ஓர் இயங்குதளம்தான். சென்ட்ரலுக்கு வரும் ரயிலில் இருந்தவர்களுக்குப் பேசின் பிரிட்ஜைத் தெரியாமல் இருக்காது. ஊர் வந்துவிட்டது, பெட்டியை இறக்கி வாசலில் வைத்தாகிவிட்டது, வண்டி மட்டும் அங்கே நின்றுவிடும். கூடூர் பக்கமிருந்து வரும் தண்டவாளமும் அரக்கோணம் பக்கமிருந்து வரும் தண்டவாளமும் அங்கே சேர்கின்றன. வண்டிகள் அதிகம், பிளாட்பாரம் குறைவு. எந்த ரயில் ஓட்டுநரும் தன் இஷ்டத்துக்கு ஒரு பிளாட்பாரத்தில் போய் நிற்க முடியாது. சிக்னல் விழ வேண்டும். யார் முன்னே, யார் பின்னே, எந்தத் தடம் காலி என்று பார்த்துச் சிக்னல் கொடுக்கும் ஏற்பாடு ஒன்று இருப்பதால்தான் இரண்டு வண்டி மோதிக்கொள்ளாமல் நாம் வீடு வந்து சேர்கிறோம்.

கம்ப்யூட்டருக்குள் அந்தச் சிக்னல் வேலையைப் பார்ப்பது இயங்குதளம். அதன் நடுப்பகுதிக்குக் கெர்னல் என்று பெயர். பிரவுசர், வேர்டு, பாட்டு கேட்கும் செயலி எல்லாம் ரயில்கள். இவற்றில் எதுவும் பிராசசரையோ டிஸ்க்கையோ தானாகத் தொட முடியாது. "எனக்கு இந்த ஃபைல் வேண்டும்", "எனக்கு இன்னும் கொஞ்சம் ரேம் வேண்டும்" என்று கெர்னலிடம் கேட்க வேண்டும். கெர்னல் ஒவ்வொன்றுக்கும் சில மில்லி விநாடிகள் பிராசசரைக் கொடுத்து, பிடுங்கி, அடுத்ததற்குக் கொடுக்கிறது. இது அவ்வளவு வேகமாக நடப்பதால் பாட்டும் ஓடுகிறது, நாம் தட்டும் எழுத்தும் விழுகிறது, எல்லாம் ஒரே நேரத்தில் நடப்பதுபோல நமக்குத் தெரிகிறது. ஒரு செயலி கெட்டு நின்றுவிட்டால் அதை மட்டும் ஓரங்கட்டிவிட்டு மற்றவற்றை ஓடவைப்பதும், ஒரு செயலியின் ரேமுக்குள் இன்னொன்று கைவைக்காமல் பார்த்துக்கொள்வதும் இதன் பொறுப்புதான். உங்கள் வங்கிப் பாஸ்வேர்டு இன்னொரு செயலியின் கண்ணில் படாமல் இருப்பது இந்தக் காவலால்.

கடைகளில் அடிக்கடி காதில் விழும் இன்னொரு சொல் "டிரைவர் போடணும்". பிரிண்டருக்கு ஒரு பாஷை, வைஃபை அட்டைக்கு ஒரு பாஷை. கெர்னலுக்கும் அந்தந்தப் பொருளுக்கும் நடுவே நின்று பேச்சை மாற்றிச் சொல்லும் சிறு மென்பொருள்தான் டிரைவர். பிரிண்டர் நன்றாக இருந்தும் அச்சு வரவில்லை என்றால் பாதி நேரம் கோளாறு இந்த இடத்தில்தான்.

ஆக, தண்டவாளம் பழசானதால் சிக்னல் ஏற்பாடு பழசாகிவிடாது. சிக்னல் மாறியதற்காகத் தண்டவாளத்தைப் பெயர்த்து எடைக்குப் போடவும் வேண்டாம். கம்ப்யூட்டரும் இயங்குதளமும் தனித்தனியாக வயதாகின்றன. எதற்கு நோய் என்று தெரிந்துகொண்ட பிறகுதான் கடையில் காசை எடுக்க வேண்டும்.

அதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. பவர் பட்டனை அழுத்துங்கள். முதலில் தெரியும் கம்பெனி பெயர் விண்டோஸ் காட்டுவதல்ல. எல்லாப் பாகங்களும் பொருந்தியிருக்கும் மதர்போர்டு என்ற பலகையிலேயே பதிந்திருக்கும் சிறு நிரல் காட்டுவது. அந்தப் பெயர் வந்துவிட்டால் போர்டு, பிராசசர், ரேம், திரை எல்லாம் ஓரளவு உயிரோடு இருக்கின்றன என்று நம்பலாம். அதற்குப் பிறகு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தால் சந்தேகப்பட வேண்டியது டிஸ்க்கையோ இயங்குதளத்தையோதான். பெயரே வராமல் திரை கருப்பாக இருந்தாலோ, பீப் பீப் என்று சத்தம் மட்டும் வந்தாலோ இயந்திரத்தில் கோளாறு.

அப்போதும் மனதைத் தளரவிடாதீர்கள். காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் உப்புக் காற்று இரும்பு கேட்டையே தின்றுவிடும். ரேம் அட்டையின் பல் போன்ற முனைகளிலும் மெல்லிய படலம் படிந்துவிடுகிறது. மதர்போர்டு போய்விட்டது, மாற்ற எட்டாயிரம் ஆகும் என்று ஒரு கடையில் சொல்லி அனுப்பிய டெஸ்க்டாப் ஒன்றைத் தெரிந்த பையன் ஒருவன் எங்களிடம் கொண்டுவந்தான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ரேம் அட்டையைக் கழற்றி, பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் ரப்பரால் அந்த முனைகளை மெதுவாகத் தேய்த்து, தூசி தட்டி, கிளிப் இரண்டும் டக்கென்று விழும்வரை அழுத்தி மாட்டினோம். ஓடியது. எல்லாக் கோளாறும் இப்படித் தீராது. ஆனால் எட்டாயிரம் கொடுப்பதற்கு முன் செய்து பார்க்க வேண்டிய முதல் வேலை இது. இந்தப் பையனின் அப்பா ஹார்பரில் தினக்கூலிக்கு மூட்டை ஏற்றுபவர் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் கோபம் வருகிறது.

துப்பட்டாவில் வந்த லேப்டாப்புக்குத் திரும்புகிறேன். கம்பெனி பெயர் உடனே வந்தது. பிறகு விண்டோஸ் எழுந்திருக்க நான்கு நிமிடத்துக்கு மேல் ஆனது. கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பிராசசர் பத்து சதவீதம்கூட வேலை செய்யவில்லை. டிஸ்க் என்ற வரிசை மட்டும் நூறில் நின்றது. கை சும்மா இருக்கிறது, மூட்டையிலிருந்து சரக்கு வந்து சேரவில்லை.

காரணம் கணக்கிலேயே தெரியும். பழைய லேப்டாப் ஹார்ட் டிஸ்க்குக்குள் வட்டத் தகடு ஒன்று நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றுகிறது. அதாவது விநாடிக்கு 90 சுற்று. வேண்டிய தகவல், அதைப் படிக்கும் முள்ளுக்கு அடியில் வர, சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும், அதற்கு ஐந்தரை மில்லி விநாடி. முள் சரியான தடத்துக்கு நகர இன்னும் பத்துப் பன்னிரண்டு மில்லி விநாடி. ஆக, அங்கங்கே சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னத் துண்டுகளை எடுக்கும்போது விநாடிக்கு நூறு துண்டுகூடத் தேறாது. விண்டோஸ் எழுந்திருக்கும்போது ஆயிரக்கணக்கான துண்டுகளைக் கேட்கிறது. எஸ்.எஸ்.டி. என்ற புது வகை டிஸ்க்கில் சுற்றும் தகடும் இல்லை, முள்ளும் இல்லை, எல்லாம் சில்லு. அதே துண்டுகளை அது விநாடிக்குப் பல்லாயிரக்கணக்கில் எடுத்துக் கொடுக்கும். பிராசசரை மாற்றாமல், போர்டை மாற்றாமல், டிஸ்க்கை மட்டும் எஸ்.எஸ்.டி.யாக மாற்றினால் பழைய லேப்டாப் வேறொரு லேப்டாப் ஆகிவிடும். பழைய கம்ப்யூட்டருக்கு யார் எங்கே கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான், இரண்டாவதாகத்தான் ரேம்.

கடையில் கேட்கும்போது "இரண்டரை இன்ச் சாட்டா எஸ்.எஸ்.டி." என்று கேளுங்கள். பழைய லேப்டாப்புகள் பெரும்பாலானவற்றுக்கு அதுதான் பொருந்தும். சூயிங்கம் பட்டை போலிருக்கும் மெல்லிய வகை எல்லா போர்டிலும் ஏறாது. படிக்கவும் எழுதவும் 256 ஜி.பி. தாராளம். ரேமில் டி.டி.ஆர். 3, டி.டி.ஆர். 4 என்று தலைமுறைகள் உண்டு. வெட்டு இருக்கும் இடம் வேறு என்பதால் ஒன்று மற்றொன்றின் இடத்தில் உட்காராது. பழையதைக் கழற்றிக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். ரிச்சி தெருவுக்குப் போனால் ஒரே கடையில் முடித்துவிடாமல் நான்கு கடை ஏறி இறங்குங்கள், பில் கேளுங்கள். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிக் கிடக்கிறது. புது லேப்டாப் வாங்கும் யோசனையைத் தள்ளிப்போட அதுவும் ஒரு காரணம்.

சரி, "விண்டோஸ் பத்து முடிஞ்சிபோச்சு" என்றார்களே, அது உண்மையா? பாதி உண்மை. 2015 ஜூலையில் வந்த விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14-உடன் மைக்ரோசாப்ட் ஆதரவை நிறுத்திக்கொண்டது. அந்த நாள் தாண்டியதும் கம்ப்யூட்டர் நின்றுவிடாது. நேற்று ஓடியதுபோல இன்றும் ஓடும். ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்கும் திருத்தங்கள் வராது. பூட்டு இருக்கிறது, அந்தப் பூட்டுக்குக் கள்ளச்சாவி வந்துவிட்டால் மாற்றிக் கொடுக்க ஆள் இல்லை, அவ்வளவுதான். வீட்டில் இருப்பவர்களுக்கென்று ஓராண்டு நீட்டிப்பும் கொடுத்தார்கள்; அதில் பதிந்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை திருத்தங்கள் வரும். கடைக்காரர் இதையெல்லாம் சொல்லவில்லை.

அப்படியென்றால் விண்டோஸ் 11க்கு மாறிவிடலாமே? அங்கேதான் சிக்கல். 2021 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும் என்கிறது. ரகசியச் சாவிகளைத் தனியே பூட்டி வைக்கும் சில்லு அது. அதோடு பிராசசருக்கும் ஒரு பட்டியல் உண்டு; இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தையதும்தான் அதில் இருக்கின்றன. பாதுகாப்பு நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கோடிக்கணக்கான இயந்திரங்களை ஒரு பட்டியலால் ஓரங்கட்டுவது சரியென்று எனக்குப் படவில்லை. தூக்கிப்போடும் கம்ப்யூட்டர் எங்கே போய்ச் சேரும் என்று வடசென்னைக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டாம். கொடுங்கையூர் குப்பைமேட்டுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் நாம். வயரை எரித்துச் செம்பு எடுக்கும் புகையின் வாசனை நமக்குத் தெரியும். இந்தச் சோதனையை ஏமாற்றி விண்டோஸ் 11 போட்டுத் தருகிறேன் என்று சிலர் சொல்வார்கள். முடியும். ஆனால் அப்படிப் போட்டதற்குத் தொடர்ந்து திருத்தங்கள் வரும் என்று மைக்ரோசாப்ட் உறுதி தருவதில்லை. இன்னொன்று, கிராக் செய்த விண்டோஸ் வேண்டவே வேண்டாம். பூட்டை உடைத்துக் கொடுத்தவனே திருட்டுச் செயலியையும் உள்ளே விட்டிருந்தால் உங்களுக்கு எப்படித் தெரியும்? அந்தக் கம்ப்யூட்டரில் ஜிபே நம்பரையும் ஆதாரையும் தட்டுவது யார்?

மிச்சமிருக்கும் வழி லினக்ஸ். 1991-இல் ஹெல்சிங்கியில் கல்லூரி மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய கெர்னல். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், திருத்தலாம், காசில்லாமல் பயன்படுத்தலாம். ஏதோ புரியாத சரக்கு என்று மிரள வேண்டாம். உங்கள் சட்டைப் பையிலுள்ள ஆண்ட்ராய்டு போனுக்குள் இருப்பதும் லினக்ஸ் கெர்னல்தான். உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்களும் 2017 நவம்பரிலிருந்து லினக்ஸில்தான் ஓடுகின்றன. நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடியாக வைத்து, மத்திய அரசின் கம்ப்யூட்டர் ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007-இல் வந்தது. 2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா லேப்டாப் கொடுக்கத் தொடங்கியபோது விண்டோஸோடு பாஸும் சேர்ந்தே வந்தது. ஆன் செய்ததும் எது வேண்டும் என்று கேட்கும். அந்தப் பெண்ணிடம் கேட்டேன். "அண்ணன் அத்தத் தொடக்கூடாதுன்னு சொல்லும்க்கா, தொட்டா லேப்டாப் பூட்டிக்குமாம்" என்றாள். அத்தனை வருடம் இன்னொரு இயங்குதளம் கூடவே இருந்திருக்கிறது. அது என்னவென்று பள்ளியில் யாரும் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. எனக்கு அதுதான் ஆறவில்லை.

லினக்ஸில் பல வகை உண்டு. உபுண்டு, ஃபெடோரா, மின்ட் என்று பெயர்களைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். நடுவிலிருக்கும் கெர்னல் ஒன்றுதான். மேலே போட்டிருக்கும் சட்டைதான் வேறு வேறு. 4 ஜி.பி. ரேம் உள்ள பழைய கம்ப்யூட்டருக்கு என் பரிந்துரை லினக்ஸ் மின்ட், அதிலும் எக்ஸ்.எஃப்.சி.இ. என்ற இலகுவான வடிவம். விண்டோஸ் பழகியவர்களுக்கு மெனு இருக்கும் இடம் பழகினதாகவே இருக்கும். மின்ட் 22-க்கு 2029 வரை திருத்தங்கள் உண்டு.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, போடாமலே போட்டுப் பார்க்கலாம் என்பது. 8 ஜி.பி. பென்டிரைவ் ஒன்றில் மின்ட்டை எழுதிக்கொண்டு, ஆன் செய்யும்போது எஃப்12-ஐயோ உங்கள் கம்பெனி வைத்திருக்கும் வேறு விசையையோ அழுத்தி, பென்டிரைவிலிருந்தே கம்ப்யூட்டரைத் தொடங்கலாம். டிஸ்க்கில் ஒரு எழுத்துகூட மாறாது. வைஃபை வருகிறதா, சத்தம் வருகிறதா, பிரிண்டர் பேசுகிறதா என்று ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். பிடிக்கவில்லையென்றால் அணைத்துவிட்டுப் பென்டிரைவைப் பிடுங்கிவிட்டால் பழைய விண்டோஸ் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆனால் "நிறுவு" என்ற பட்டனை அழுத்தும் முன் போட்டோ, சான்றிதழ், பாடக்குறிப்பு எல்லாவற்றையும் வேறொரு டிஸ்க்கில் எடுத்துவைத்தே ஆக வேண்டும். அக்கா, தாத்தா போட்டோ அதிலதான் இருந்துச்சு என்று ஒரு சின்னப் பையன் அழுததைப் பார்த்த பிறகு, இந்த ஒரு விஷயத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

லினக்ஸ் எல்லாருக்கும் ஆகாது. கடையில் டேலியில் கணக்கு வைப்பவர், பேஜ்மேக்கரிலும் போட்டோஷாப்பிலும் பத்திரிகை அடிக்கும் டி.டி.பி. கடைக்காரர், கைரேகைக் கருவியை மாட்டி வேலை பார்க்கும் இ-சேவை மையக்காரர், இவர்களெல்லாம் விண்டோஸிலேயே இருப்பது நல்லது. அவர்களுடைய மென்பொருளும் டிரைவரும் அதற்கென்று எழுதியவை. வானவில், பாமினி எழுத்துருக்களில் அடித்த பழைய தமிழ்க் கோப்புகள் இருந்தால் அந்த எழுத்துருக்களையும் கூடவே எடுத்துப்போக வேண்டும், இல்லையென்றால் திறந்ததும் கிறுக்கலாகத் தெரியும். எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான யூனிகோடு முறையில் அடித்ததென்றால் எங்கும் சரியாக வரும். எந்த ஓ.எஸ். உசத்தி என்று பையன்கள் ரஜினி, கமல் சண்டை போலப் போட்டுக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். உங்கள் வேலை எது, அதற்கான மென்பொருள் எதில் ஓடும், உங்கள் இயந்திரத்துக்கு அது இன்னும் எத்தனை வருடம் திருத்தம் தரும் என்று மட்டும் கேளுங்கள். விடை தானாக வந்துவிடும். போன் வாங்கும்போதும் கேமராவை விட அந்தக் கடைசிக் கேள்வியைத்தான் நான் முதலில் கேட்பேன். 2023-இல் வந்த பிக்சல் 8-க்கும் 2024-இல் வந்த சாம்சங் எஸ்24-க்கும் ஏழு வருடம் என்று கம்பெனிகளே சொல்லியிருக்கின்றன. மலிவான போன்களில் பலவற்றுக்கு அதில் பாதிகூடக் கிடைப்பதில்லை.

அந்தப் பெண்ணின் லேப்டாப்பில் எஸ்.எஸ்.டி. போட்டோம். மின்ட் ஏற்றினோம். பழைய டிஸ்க்கைச் சின்ன யு.எஸ்.பி. கூட்டுக்குள் போட்டு அண்ணனிடம் கொடுத்தாள்; அவனுடைய பள்ளி போட்டோக்கள் அப்படியே அதில் இருக்கின்றன. அரை நிமிடத்துக்குள் திரை வந்துவிடுகிறது. பேட்டரி மட்டும் இன்னும் மாற்றவில்லை, பிளக்கைப் பிடுங்கினால் பத்து நிமிடம் தாங்குவதில்லை, அதனால் டியூஷனில் பிளக் இருக்கும் ஜன்னல் ஓரம் அவளுக்கென்று ஆகிவிட்டது. இப்போது தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை முறையைப் பழகுகிறாள். உயிரெழுத்து இடது கைக்கு, மெய்யெழுத்து வலது கைக்கு என்பது இரண்டாம் நாளே பிடிபட்டுவிட்டது. "ழ" எங்கே இருக்கிறது என்று மட்டும் இன்னும் குனிந்து தேடுகிறாள். சீட்டை அவள் அம்மா எடுக்கவில்லை.